குளியல் டாக்டர் தேசிகன்

டாக்டர் தேசிகன் பன்றிகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர் என்பது மொன்றியல் தமிழர்களில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவர், அவர் மனைவி அனுசூயா, நான். என் வீட்டுக்காரர் பாலகிருஷ்ணனுக்கும் தெரியும்தான். ஆனால் அவர் துறைமுகத்தில் வந்திறங்கும் இரும்புப் பெட்டிகளைத் தவிர வேறு எதையும் காதில் போட்டுக்கொள்ளாத இன்ஜினீயர். அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மற்ற எல்லோருக்கும் தேசிகன் மாட்டு டாக்டர். எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் மொத்தமே பதினைந்து குடும்பம் இருப்போம். பேராசிரியர்கள், டாக்டர்கள், இன்ஜினீயர்கள். தீபாவளிக்கு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். அப்போது எவராவது, "என்ன சார், கனடா மாடு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும்?" என்று கேட்பார். தேசிகன் சரியான பதிலைச் சொல்வார். பொய் சொல்ல வராத மனிதர், உண்மையான பதில்களாலேயே அந்தப் பொய்யைக் காப்பாற்றிவந்தார். பதில் சொல்லி முடித்ததும் ஓரக்கண்ணால் அனுசூயாவைப் பார்ப்பார். அவள் பட்சணத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவர் கும்பகோணத்துக்காரர். ஐயங்கார். முட்டைகூடத் தொடாத குடும்பம். வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, பசுவின் மடி நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அறுபத்தேழில் இங்கே வந்தார். ஒரு வருஷத்தில் அந்த ஆராய்ச்சிக்கு வந்த பணம் நின்றுபோயிற்று. ‘பன்றிப் பிரிவில் ஓர் இடம் இருக்கிறது, வேண்டுமா, ஊருக்குத் திரும்புகிறாயா’ என்று கேட்டார்கள். அதே மாதம்தான் அனுசூயா விமானத்தில் வந்து இறங்கியிருந்தாள். மூன்றே வருஷம், அப்புறம் மாட்டுக்கே போய்விடலாம் என்று அவளிடம் சொல்லி அந்த வேலையில் சேர்ந்தார். மூன்று வருஷம் முடிந்தது. அவர் மாட்டுக்குத் திரும்பவில்லை. பன்றிகள் அவருக்குப் பிடித்துப்போய்விட்டன. இதை எந்த ஐயங்காரிடம் போய்ச் சொல்வது?

என்னிடம் சொல்வார். நான் வேலூர் முதலியார் வீட்டுப் பெண், எல்லாம் சாப்பிடுகிறவள், என்னிடம் சொன்னால் தோஷமில்லை. நாங்கள் அப்போது நகரத்தின் கிழக்குப் பக்கம், செயின்ட்-மிஷேலில் வாடகைக்கு இருந்தோம். அவர் போகும் பண்ணைகள் எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கிழக்கே. சாயங்காலம் திரும்பும் வழியில் என் வீட்டில் காரை நிறுத்துவார். சமையலறைக் கதவுக்குள் போட்டிருக்கும் மிதியடியைத் தாண்டி வரமாட்டார். நின்றபடியே காபி குடித்துக்கொண்டு, "இன்னிக்கு ஒரு தாய் பதினாலு போட்டிருக்கு, சியாமளா. ஒண்ணுகூடப் போகலை" என்பார். முகமெல்லாம் பூரித்திருக்கும். பாலகிருஷ்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். நான்தான் கேட்பேன்.

"இதையெல்லாம் ஆத்துல சொல்றதுதானே டாக்டர்?" என்று அவர் பாஷையிலேயே கேலி செய்வேன்.

"குளிச்சுட்டு மேல போறதுக்குள்ள மறந்துடறது" என்பார். மறப்பதாவது! அவர் எதையும் மறக்கிறவர் இல்லை.

குளியல் என்பது அந்த வீட்டுச் சட்டம். நகரத்துக்கு மேற்கே இல்-பிசார் என்ற தீவில் அவர்கள் வீடு வாங்கியதே அதற்காகத்தான். மொன்றியலில் எத்தனையோ வீடு பார்த்தார்கள். அனுசூயா வரவேற்பறையைப் பார்க்கவில்லை, சமையலறையைப் பார்க்கவில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக நேரே நிலவறைக்கு இறங்க முடியுமா, அங்கே குளிக்க இடம் உண்டா என்று மட்டும் பார்த்தாள். அந்தத் தீவில் அப்போது பஸ்ஸே அபூர்வம், பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. ஆனால் நிலவறையில் குளியலறை இருந்தது. வீடு முடிந்தது.

தேசிகன் வேலையிலிருந்து வந்தால் பக்கக் கதவு வழியாகத்தான் நுழைய வேண்டும். காலணி வாசலுக்கு வெளியே. உடுப்பெல்லாம் ஒரு தனி வாளியில். அந்த உடுப்பு வீட்டுத் துணியோடு சேரக் கூடாது, தனியாகத் துவைத்துத் தனிக் கொடியில் காய வேண்டும். தலைக்குக் குளித்து, கீழேயே வைத்திருக்கும் வேட்டியைக் கட்டிக்கொண்டு பிறகுதான் படியேறலாம். ஜனவரியில் தலைக்குக் குளித்துத் தினமும் மூக்கடைப்போடு மேலே வருவார். அனுசூயா தட்டை வைப்பாள். சாம்பார் போதுமா, தபால் வந்ததா, பனி நிற்குமா என்று பேசிக்கொள்வார்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தப் பிராணியின் பெயரே அந்த வீட்டில் புழங்காது. தவிர்க்க முடியாதபோது ‘அது’ என்பார்கள். குழந்தையும் இல்லை. அவள் பகலெல்லாம் தனியாக இருந்தாள். கோடையில் அக்கரை லாவாலுக்குப் போகும் படகைப் பார்க்க நடந்து போவாள், ஏறமாட்டாள்.

மனைவி ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘இன்னிக்கு என்ன ஆச்சு?’ என்று கேட்டுவிட மாட்டாளா என்று அந்த மனிதர் ஏங்கினார். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. அவரே என் சமையலறைக் கதவருகில் நின்று சொன்னார். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது.

எழுபத்திரண்டு குளிர்காலத்தில் அந்த நோய் வந்தது. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குட்டிகள் வாந்தி எடுக்கும், தண்ணீராய்ப் போகும், மூன்று நாளில் காய்ந்து செத்துவிடும். தாய்க்கு ஒன்றும் ஆகாது. அது பால் கொடுக்கப் படுத்துக்கொண்டே இருக்கும், குடிக்கக் குட்டி ஒன்றும் இருக்காது. ஒரு பண்ணையில் தொடங்கினால் ஒரு குட்டி மிஞ்சாது. அங்கிருந்து ஐந்து மைல் தள்ளி இன்னொரு பண்ணைக்கு எப்படிப் போகிறது என்று யாருக்கும் புரியவில்லை. தேசிகன் சனி ஞாயிறு பார்க்காமல் பண்ணை பண்ணையாக ஓடினார்.

ரெயால் பெலாஞ்சே என்று ஒரு பண்ணைக்காரர். தேசிகனுக்கு அங்கே கிடைத்த முதல் நண்பர். தாட்டியான ஆள், சிரித்தால் கொட்டகையே அதிரும். அவர் பண்ணையில் நோய் இல்லை. தேசிகன் ஒரு செவ்வாய்க்கிழமை, நோய் கண்ட ஒரு பண்ணையைப் பார்த்துவிட்டு, அப்படியே ரெயாலின் பண்ணைக்கும் போய், எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார். பூட்ஸைக் கழுவிக்கொண்டுதான் போனார். வெள்ளிக்கிழமை ரெயால் போன் செய்தார். அடுத்த செவ்வாய்க்குள் எழுபத்துநான்கு குட்டிகளும் போய்விட்டன.

"நான்தான் கொண்டுபோயிருக்கேன். என் கோட்டுல, என் கால்ல. பார்க்கப் போன டாக்டரே கொண்டுபோயிருக்கேன்" என்றார் என்னிடம். காபியைத் தொடவில்லை. ரெயால் அவரைத் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அவர் தேசிகன் தோளில் கையைப் போட்டு, உள்ளே வந்து ஏதாவது சாப்பிடுங்கள் டாக்டர் என்றாராம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய், நிலவறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருக்கிறார். குழாய்ச் சத்தம் கேட்காததால் அனுசூயா மாடிப்படிக் கதவைத் திறந்து, மேலிருந்தே கூப்பிட்டிருக்கிறாள்.

"ஏன்னா, என்ன நின்னுண்டே இருக்கேள்? ஸ்நானம் பண்ணாம ஒரு படிகூட ஏறாதேங்கோ. கையைக் காலை அலம்பினா மட்டும் போறாது. உடுத்திண்டதோட, தலை மயிரோட ஒட்டிண்டு வரும். வாசப்படி தாண்டறதுக்கு முன்னாலயே எல்லாத்தையும் விட்டுட்டு வரணும். எத்தனை தரம் சொல்றது!"

தேசிகன் அப்படியே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாராம். நான்கு வருஷமாகத் தினமும் கேட்ட பேச்சு. அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

அமெரிக்காவில் பெரிய பெரிய பண்ணைகளில் குளித்துவிட்டு உள்ளே போகிற வழக்கம் இருக்கிறது என்று அவர் படித்திருந்தார். ஆனால் இருபது தாய்ப்பன்றி வைத்திருக்கும் சின்னப் பண்ணைக்கு அதெல்லாம் ஆகாது என்று எல்லோரையும்போல அவரும் நினைத்திருந்தார். இரும்புக் குழாயும் தனிக் கட்டடமும் எதற்கு? தன் வீட்டில் ஒரு வாளி, ஒரு கொடி, ஒரு வேட்டி, ஒரு பிடிவாதக்காரி, அவ்வளவுதானே வேண்டியிருந்தது! மறுநாளே ரெயாலிடம் போனார். கொட்டகை வாசலில் பலகையால் ஒரு சிறு மறைப்பு, வெந்நீர், பண்ணைக்கென்று தனி உடுப்பு, தனிச் செருப்பு. வெளியிலிருந்து வருகிறவன் எல்லாவற்றையும் இந்தப் பக்கம் விட்டுவிட்டு, குளித்து, அந்தப் பக்கம் போக வேண்டும். தீவனக்காரன், டாக்டர், பாதிரியார் யாராயிருந்தாலும் சரி. சொந்தக்காரனே வெளியே போய்வந்தால் அவனும். உள்ளே உடுத்தியது வெளியே போகக் கூடாது, வெளியே உடுத்தியது உள்ளே வரக் கூடாது. அத்தனையும் அனுசூயாவின் சட்டம், ஒரு வரி மாற்றமில்லை.

பண்ணைக்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ‘தொக்தேர் தூஷ்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். குளியல் டாக்டர் என்று அர்த்தம். பனிக்காலத்தில் பன்றியைப் பார்க்க மனுஷன் குளிக்க வேண்டுமா என்றார்கள். அடுத்த குளிர்காலத்தில் நோய் மறுபடி வந்தபோது ரெயாலின் கொட்டகைக்குள் நுழையவில்லை. அதற்கடுத்த வருஷம் பதினோரு பண்ணையில் மறைப்புக் கட்டினார்கள். பிறகு தேசிகன் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கும்படி ஆயிற்று. நாலு வருஷத்தில் அந்த வட்டாரம் முழுக்க அது வழக்கமாகிவிட்டது. ஆறு மாதம் கழித்துக் கசாப்புக்குப் போகப்போகிற பிராணிக்கு ஏன் இத்தனை பாடு என்று நான் ஒரு தடவை கேட்டேன். "அது வேற விஷயம், சியாமளா. ஏழு நாள் குட்டி தவிச்சுப் போறதை நின்னு பார்க்க முடியலை" என்றார்.

எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள். அவர் மட்டும் சந்தோஷமாக இல்லை. இது யாருடைய யோசனை என்று அவருக்குத் தெரியும். அந்த ஒருத்தியிடம்தான் அதைச் சொல்ல முடியவில்லை. ‘உன் மடி ஆசாரத்தைத்தான் பன்றிக் கொட்டகையில் வைத்திருக்கிறேன்’ என்று சொன்னால் அவள் தாங்குவாளா? பயந்தார். பயந்து பயந்து ஐந்து வருஷம் ஓட்டிவிட்டார்.

எழுபத்தேழில் அந்தக் கடிதம் வந்தது. பன்றி வளர்ப்போர் சங்கம் ஒவ்வொரு வருஷமும் இந்தத் தொழிலுக்கு நிலைத்த தொண்டு செய்த ஒருவரைக் கௌரவிக்கும். அதுவரை எல்லோரும் பண்ணைக்காரர்கள், தீவன வியாபாரிகள். சங்கத்துச் சுவரில் அவர்கள் படங்கள் மாட்டியிருக்கும். அந்த வரிசையில் தேசிகனின் படம். நவம்பரில் ஒரு சனிக்கிழமை, கிழக்கு மொன்றியலில் ஒரு மண்டபத்தில் மத்தியான விருந்து. மனைவியோடு வர வேண்டும் என்று போட்டிருந்தது.

"அவ வரணும். நான் மேடையில சொல்லப்போறேன். பிரெஞ்சுல சொல்லிட்டு, கடைசியா அவளைப் பார்த்துத் தமிழ்ல ஒரு வார்த்தை. எழுதி வச்சுட்டேன்" என்றார் தேசிகன். "நீங்க அவகிட்டப் போய்ப் பேசுங்கோ, சியாமளா. ஆனா நான் என்ன சொல்லப்போறேன்னு மட்டும் சொல்லிடாதேங்கோ. அதை நான்தான் சொல்லணும்."

நான் இரண்டு பஸ் மாறி இல்-பிசாருக்குப் போனேன். அனுசூயா தளிகை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அவருக்கு மரியாதை பண்றா. சந்தோஷம். போய்ட்டு வரட்டும்" என்றாள்.

"நீ பக்கத்துல உக்காரணும்னு ஆசைப்படறார், அனுசூயா."

"அந்த எடத்துல அதைத்தான் சமைச்சு வச்சிருப்பா. அங்க வந்து உக்காரணுமா நான்?"

"ஒரு மணி நேரம். அவருக்காக."

அவள் மெதுவாகச் சொன்னாள். "மூணு வருஷம்னார். ஒன்பது ஆச்சு. மாப்பிள்ளை பசுவுக்கு வைத்தியம் பண்றார், கோமாதா சேவைன்னு எங்கப்பா தெருவெல்லாம் சொல்லிண்டு திரிஞ்சார். சாகற வரைக்கும் அப்படியே நம்பிண்டிருந்தார். அந்தப் பொய்யை மாசா மாசம் எழுதினது நான், சியாமளா. இந்த மடியையும் விட்டுட்டேன்னா நான் யாருன்னே எனக்குத் தெரியாது."

எனக்கு வந்த கோபம் இறங்கிவிட்டது. ஆனாலும் வாயைக் கட்டிப்போட்டுவிட்டாரே அந்த மனுஷர்! சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்லாமல் திரும்பினேன்.

சனிக்கிழமை நானும் பாலகிருஷ்ணனும் தேசிகனோடு போனோம். மண்டபத்தில் முந்நூறு பேர். நீள நீளமான மேஜைகள், புகையிலை வாசனை, வறுத்த இறைச்சி வாசனை. தேசிகன் ரொட்டியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார். நான் இறைச்சியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன், ருசியாக இருந்தது, பொய் சொல்வானேன். அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவர் அதைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். பார்க்கப் பொறுக்காமல் நான் போய் அதில் உட்கார்ந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

தேசிகனைக் கூப்பிட்டார்கள். தாளைப் பிரித்தார். தன் உச்சரிப்பில், நிதானமாகப் பிரெஞ்சில் பேசினார். ரெயாலின் எழுபத்துநான்கு குட்டிகளையும் தானே கொன்றதைச் சொன்னார். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிப்போயிற்று. "இந்த வழக்கம் நான் கண்டுபிடித்ததல்ல. இது என் மனைவியுடையது. என் வீட்டு வாசலில் அவள் வைத்த சட்டத்தை உங்கள் வாசல்களில் வைத்தேன். உங்கள் குட்டிகளைக் காப்பாற்றியது அவள்தான். இந்த மரியாதை அவளுக்குரியது" என்றார்.

ரெயால்தான் முதலில் எழுந்தார். அவர் எழுந்ததும் முந்நூறு பேரும் எழுந்தார்கள். எல்லோரும் திரும்பி, டாக்டரின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

இல்லை, நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். ரெயால் வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அவர் கண் ஈரமாக இருந்தது. பாலகிருஷ்ணன் முதல் முறையாக எதையோ காதில் போட்டுக்கொண்டு திருதிருவென்று விழித்தார். நான் மேடையைப் பார்த்தேன். தேசிகன் என் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். தமிழில் சொல்ல வைத்திருந்ததைச் சொல்லாமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

தேசிகன் காரிலேயே நாங்களும் இல்-பிசாருக்குப் போனோம். வீட்டில் அவர் பக்கக் கதவு வழியாக இறங்கிப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் முன்பக்கமாகப் போனோம். அனுசூயா என்னைப் பார்த்ததும், "எல்லாம் நன்னா நடந்துதா?" என்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. வாக்காவது ஒன்றாவது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். உனக்கு வந்ததை நான் வாங்கிக்கொண்டு வந்தேன் என்றேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என்கிட்ட சொல்லலையே, சியாமளா."

"நீ கோவிச்சுக்குவேன்னு பயம்."

"கோவிச்சுண்டிருப்பேன்தான். கோவிச்சுண்டா என்ன? கேட்டுண்டாவது இருந்திருப்பேனே. அஞ்சு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை இல்லை. முந்நூறு பேர்கிட்ட சொல்லத் தெரிஞ்சுதா?"

கீழே குழாய்ச் சத்தம் நின்றது. தேசிகன் ஈரத் தலையோடு வேட்டியைக் கட்டிக்கொண்டு படியேறி வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஏதாவது பேசுங்கள் டாக்டர் என்று மனசுக்குள் கத்தினேன். அவர் வாயைத் திறந்து, "காபி இருக்கா?" என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அனுசூயா உள்ளே போனாள். டவரா டம்ளரோடு வந்து அவர் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு எப்போதும்போல உள்ளே போகாமல் எதிரே நின்றாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"எத்தனை குட்டி பொழைச்சுது?"

அறிக்கையில் புள்ளிக்கு அப்புறம் இரண்டு எண் வரை எழுதுகிற மனிதர். வருஷவாரியாக, பண்ணைவாரியாக எல்லாம் அவருக்கு மனப்பாடம். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். ஒரு எண்ணும் அவருக்கு வாயில் வரவில்லை.

"நெறைய" என்றார்.